தாதாவுக்கு ஆறு செல்லோ

சென்ற அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தே காலுக்கு, நான் தாதா ஆனேன்.

சிட்லபாக்கத்தில் தாதா ஆவது அவ்வளவு சுலபமில்லை. இங்கே பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள். மிரட்டினால் பயப்பட மாட்டார்கள், "பி.பி. பார்த்தீங்களா?" என்று கேட்பார்கள். ஏரியைச் சுற்றி நடக்கும்போது யாரையாவது முறைத்தால் கண் டாக்டரின் பெயரைச் சொல்வார்கள். நல்லவேளை, நான் ஊருக்கு தாதா ஆகத் திட்டமிடவில்லை. என் சாம்ராஜ்யம் சிறியது. பதினாறுக்குப் பன்னிரண்டு அடி. எங்கள் வீட்டு ஹால்.

என் பெயர் தனசிங். மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். சுழலும் பேரிங்கின் மேல் ஸ்க்ரூடிரைவரின் முனையை வைத்து, அதன் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்பது என் வேலை. நல்ல பேரிங் முனகும். கெட்ட பேரிங் பேசும். கேட்டுக் கேட்டு என் காது கீழே இறங்கிவிட்டது. புல்லாங்குழல், குக்கர் விசில், மனைவி கூப்பிடுவது, இப்படி மேலே நடப்பது எதுவும் என்னை எட்டுவதில்லை. தரையோடு தரையாக ஊர்ந்து வரும் ஒலிதான் எனக்கு சங்கீதம்.

அந்த சங்கீதம் எங்கே கிடைக்கிறது என்பதை ஓய்வுபெற்ற பிறகு கண்டுபிடித்தேன். பழைய தாதா படங்களின் பின்னணி இசை. படம் வேண்டாம், இசை மட்டும். எழுபது பேர் கோட்டு போட்டு உட்கார்ந்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா. அதில் தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய வயலின் மாதிரி, அடிக்குரலில் முனகும் செல்லோக்கள். ஒரு மனிதனைக் கொல்வதற்கு முன்னால் இத்தனை மரியாதை செய்யும் தொழில் உலகத்தில் வேறில்லை. அவன் பாட்டுக்கு சலூனில் முகத்தில் நுரையோடு சாய்ந்திருப்பான். வாசலில் வண்டி வந்து நிற்பது அவனுக்குத் தெரியாது. ஆறு செல்லோக்களுக்குத் தெரியும்.

இதைக் கேட்பதற்கென்று ஐந்தடி உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள் ஹாலில் நிற்கின்றன. மகன் எபி, தான் வருவதற்குப் பதிலாக அனுப்பியவை. சனிக்கிழமை ஐந்திலிருந்து ஏழுவரை ரசனை வட்டம் கூடும். உறுப்பினர்கள் இருவர். நான், அடுத்த வீட்டுக் கிட்டு. கிட்டு விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் இருபது வருஷம் விமானத்துக்கு அடியில் குடியிருந்தவர். மெல்லிய ஒலி எதுவும் அவருக்குக் கேட்காது. ஆனால் கேட்டதுபோலத் தலையாட்டுவார். ரசிகனுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

அந்த வியாழக்கிழமை இட்லிக்கு நடுவில் ரத்தினபாய் ஆரம்பித்தாள். என் மனைவி. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். சர்ச் கொயரில் முப்பத்துநாலு வருஷமாக ஆல்டோ பாடுகிறாள். வேறு யாருக்கும் கேட்காத நடுக்குரல். ஆனால் அது இல்லாவிட்டால் பாட்டு சாயும் என்பாள்.

"சர்ச் ஹாலுக்குக் கூரை மாத்தணும்னு பேசிக்கிட்டிருக்காங்க."

"மாத்தட்டும்."

"மாத்தினா கொயர் பிராக்டிசுக்கு ஒரு இடம் வேணும்ல? நம்ம ஹால் சும்மாதான கெடக்கு."

"சும்மாவா? சனிக்கிழமை ரசனை வட்டம் கூடுது."

"ரெண்டு புள்ளிய வெச்சு வட்டம் போட முடியாதுங்க. ரெண்டு புள்ளி இருந்தா அது கோடு."

"ஸ்பீக்கர எங்க வைக்கிறது?"

"மாடிப்படிக்கு அடியில. தண்ணி மோட்டார் பக்கத்துல. ரெண்டும் ஒரே மாதிரிதான சத்தம் போடுது."

வாயில் இட்லி இருந்தது, வார்த்தை இல்லை.

"அப்புறம், ஜூன்லேர்ந்து கொயர்ல பேஸ் பாட ஆளே இல்ல. சுவிசேஷமுத்து அண்ணன் மக வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிட்டாரு. அடிக்குரல் இல்லாம பாட்டு அந்தரத்துல தொங்குது. நீங்க ஒரு..."

"சட்னி."

கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து கேட்கிறாள். வேலையில் இருந்தவரை ஷிப்ட் என்று சொன்னேன். ஓய்வுபெற்றதும் தொண்டை என்று சொன்னேன். கொயரில் மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையோடு நின்று, இன்னொருவர் கை அசைத்தால் வாய் திறக்கும் பிழைப்பு எனக்கு வேண்டாம். நான் இசையை ரசிப்பவன். ரசிப்பவன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நான் ஸ்பீக்கர்களைப் பார்த்தேன். மோட்டார் பக்கத்தில், பழைய பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் அவற்றைக் கற்பனை செய்தேன். அப்போதுதான் அந்த ஞானம் வந்தது.

தாதா குரலை உயர்த்துவதே இல்லை. சும்மா நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். ஆர்க்கெஸ்ட்ரா உயர்த்தும். எதிரில் இருப்பவன் இசைக்குப் பயந்து கையெழுத்துப் போடுவான். முப்பத்துநாலு வருஷமாக இந்த வீட்டில் எனக்குக் குறையாக இருந்தது தைரியம் என்று தப்பாக நினைத்திருந்தேன். குறை அதுவல்ல. பின்னணி இசை.

மணி பத்தே கால்.

மாலையில் ஏரிக்கரை நடைபாதையில் கிட்டுவிடம் சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்திவிட்டார்.

"சார், நீங்க பேசுவேள், நான் உள்ள ஒளிஞ்சிண்டு மியூசிக் போடணும். அவ்ளோதானே?"

"அவ்வளவுதான். என் இருமல்தான் சிக்னல். ஒரு இருமல்னா செல்லோ. ரெண்டுன்னா பித்தளை வாத்தியம் எல்லாம். மூணுன்னா துப்பாக்கிச் சண்டை."

"நாலு?"

"சவ ஊர்வலம். தேவைப்படாது."

"யாருக்கு சார் சவ ஊர்வலம்?"

"கிட்டு, இதுல உங்க பங்கும் இருக்கு. ஹால் போச்சுன்னா சனிக்கிழமை சாயங்காலம் நீங்க எங்க இருப்பீங்க?"

கிட்டு யோசித்தார். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் இருந்தால் அவர் மனைவி ரமா பரண் சுத்தம் செய்யச் சொல்வாள்.

"சேர்ந்துட்டேன் சார்" என்றார்.

"ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. நான் எப்பவும் சொல்றதுதான். இந்தப் படங்கள்ல இசை பெரிசா வரும்போது பயமில்ல. நிக்கும்போதுதான் ஆபத்து. பட்டுன்னு நின்னா, அடுத்த வினாடி ஒருத்தன் காலி. அதனால நீங்க நிறுத்தவே கூடாது."

இதை நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஹாலில் உட்கார்ந்து உரக்கச் சொல்லி வந்திருக்கிறேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருப்பது அரைச் சுவர்தான் என்பதை அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஐந்து மணி. ஹாலின் நடுவில் நாற்காலி போட்டு அமர்ந்தேன். ஜன்னல் திரையை இழுத்து முகத்தில் பாதி நிழல் விழும்படி செய்தேன். படுக்கையறையில் பீரோவை ஒட்டிக் கிட்டு நின்றார். அவர் செல்போனும் என் ஸ்பீக்கர்களும் ப்ளூடூத்தில் கைகோத்திருந்தன.

"ரத்தினம்."

"சொல்லுங்க."

"இங்க வா."

"கை வேலையா இருக்கேன். அங்கேர்ந்தே சொல்லுங்க."

எந்தத் தாதாவிடமும் யாரும் 'அங்கேர்ந்தே சொல்லுங்க' என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. ஆனாலும் ஒருமுறை இருமினேன்.

செல்லோக்கள் எழுந்தன. எழுந்தன என்றா சொன்னேன்? தரைக்கு அடியிலிருந்து கசிந்தன. நாற்காலிக் கால் வழியாக என் முதுகெலும்புக்கு வந்தன. நான் கண்களைச் சுருக்கினேன்.

"குடும்பம்னு ஒண்ணு இருந்தா, அதுல ஒரு மரியாதைன்னு..."

"என்னங்க, மோட்டார் போட்டிருக்கா?"

"இல்ல."

"ஓ, பாட்டா?" கரண்டிச் சத்தம் நின்றது. அவள் கேட்பது தெரிந்தது. "டி மைனர். லா-வுலேர்ந்து படிப்படியா இறங்குது. அழகா இருக்கே. கடைசிச் செல்லோ மட்டும் சுருதியில ஒரு இழை கீழ நிக்குது. பரவால்ல, வயசான ஆளா இருக்கும்."

நூறு தடவை கேட்டிருக்கிறேன். கடைசிச் செல்லோ ஒரு இழை கீழே நிற்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. இனி அது மட்டும்தான் கேட்கும். இந்த அவமானத்தோடு நான் இரண்டாவது கட்டத்துக்கு நகர நினைத்தபோது, அவள் இரும்புச் சட்டியில் எண்ணெய் காயவைத்து ஒரு கை காய்ந்த மிளகாயை அள்ளிப் போட்டாள்.

எனக்கு வறுத்த மிளகாய் நெடி ஆகாது. இது முப்பத்துநாலு வருஷ உண்மை. அதனாலேயே மிளகாய் வறுக்கும்போது என்னை மொட்டை மாடிக்கு அனுப்பிவிடுவாள். அன்று அனுப்பவில்லை.

இருமினேன். மறுபடி இருமினேன். பித்தளை வாத்தியங்கள் முழங்கின. மூன்றாவது இருமலுக்குத் துப்பாக்கிச் சண்டை. நான்காவதற்குச் சவ ஊர்வலம். தேவாலய மணி, மெல்லிய டிரம். ஐந்து, ஆறு, ஏழு. அதற்கெல்லாம் உத்தரவு இல்லாததால் கிட்டு தொழிலாளியின் கடமையுணர்ச்சியோடு முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒரே நிமிஷத்தில் என்னை மிரட்டி, சுட்டு, புதைத்து, மறுபடி மிரட்டினார்கள். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. நான் கண்ணில் நீர் வழியக் கையை ஆட்டி 'நிறுத்து, நிறுத்து' என்றேன். நிறுத்தவே கூடாது என்று அவருக்கு நான்தானே சொல்லியிருந்தேன்?

பட்டென்று இசை தானாக நின்றது.

தனக்கு வந்த போனைக் கிட்டு பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டார். ஐந்தடி உயர ஸ்பீக்கர்கள் இரண்டிலும், தெருமுனைவரை கேட்கும்படி, ரமாவின் குரல் வந்தது.

"ஏன்னா, ரத்தினம் அக்காவோட பீரோ பக்கத்துலதானே நிக்கறேள்? வரச்சே தேங்கா துருவிய வாங்கிண்டு வாங்கோ. அக்காகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

ரத்தினபாய் ஒரு தட்டோடு ஹாலுக்கு வந்தாள். தட்டில் மூன்று காபி. ஒரு தேங்காய்த் துருவி.

"கிட்டு சார், வெளிய வாங்க. காபி ஆறுது."

கிட்டு வந்தார். குற்றவாளிகள் இருவரும் வரிசையாக சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தோம். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜன்னல் திரை இன்னும் அப்படியே இருந்தது. அவள் முகத்தில் பாதி நிழல் விழுந்தது. அது எனக்கு விழுந்ததைவிட நன்றாக இருந்தது.

"ஒரு சந்தேகம்" என்றாள். "இந்தப் படமெல்லாம் நானும் ஒண்ணு ரெண்டு பாத்திருக்கேன். கடைசியில அந்த ஆள் தனியா ஒரு பெரிய வீட்டுல உக்காந்திருப்பான். மியூசிக் மட்டும் பின்னாடி ஓடிக்கிட்டிருக்கும். அந்த நேரத்துல அவன் பொண்டாட்டி எங்க போயிருப்பா?"

இருவரும் காபியைப் பார்த்தோம்.

"கொயர் பிராக்டிசுக்குப் போயிருப்பா" என்று அவளே சொல்லிவிட்டு எழுந்தாள். "சரி விடுங்க. ஹால் உங்களுக்கே."

எனக்குக் காது கேட்கவில்லையோ என்று தோன்றியது. "என்ன?"

"ஹால் உங்களுக்கே. ஸ்பீக்கர் இங்கயே இருக்கட்டும். யாரும் தொட மாட்டாங்க. எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நாளைக்கு ஒரு நாள் கொயர் இங்க வரட்டும். பாட இல்ல, கேக்க. எங்க ஆளுங்க யாருக்கும் கீழ்ஸ்வரம் கேக்கவே தெரியல. மேல ஏறுற சோப்ரானோ மட்டுந்தான் பாட்டுன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. நீங்க அந்தச் செல்லோவ வெச்சு கொஞ்சம் சொல்லிக் குடுங்க. உங்க அளவுக்கு இதைக் கேட்டவங்க தாம்பரம் சுத்துவட்டாரத்துலயே யாரு இருக்கா?"

தாம்பரம் சுற்றுவட்டாரம்! பல்லாவரத்திலிருந்து வண்டலூர்வரை என் கண்முன் விரிந்தது. தாதா பெருந்தன்மையோடு தலையசைத்தேன். சாம்ராஜ்யம் காப்பாற்றப்பட்டது. வாசல்வரை வந்த கிட்டு என் கையைக் குலுக்கி, "சார், மிளகாய் நெடியிலயும் ஜெயிச்சுட்டேள்" என்றார். துருவியை மறந்துவிட்டுப் போனார். ரமா அதைக் கேட்டு மறுபடி போன் செய்யவில்லை. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது துருவி இல்லை.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ஹால் நிறைந்தது. பதினெட்டுப் பேர். பதினான்கு பெண்கள், நான்கு ஆண்கள். நால்வரும் மேல்குரல் பாடும் டெனர், சுவரோரம் ஒல்லியாக நின்றார்கள். கொயர் மாஸ்டர் வேதசிரோமணி கைக்கடக்கமான ஒரு கீபோர்டோடு வந்திருந்தார். கேட்க வருபவர் எதற்குக் கீபோர்டு கொண்டுவருகிறார் என்று நான் கேட்கவில்லை. பேச ஆரம்பித்துவிட்டேன்.

நன்றாகப் பேசினேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சலூன், நுரை, வாசலில் வண்டி எல்லாம் சொன்னேன். செல்லோவைப் போட்டுக் காட்டினேன். முன் வரிசையில் யூனிஸ் என்ற சோப்ரானோ கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "ஐயோ, பாவம் அந்தாளு" என்றாள். இத்தனை வருஷத்தில் கிட்டு ஒருநாளாவது 'பாவம்' என்று சொன்னதில்லை.

"எங்களுக்கு அந்த லைன் தனியா பிடிபடலங்க" என்றாள் ரத்தினபாய், பின்வரிசையிலிருந்து, மாணவியைப்போல. "நீங்க கொஞ்சம் 'ம்ம்'னு முனகிக் காட்டுங்களேன்."

"நானா?"

"வேற யாருக்குத் தெரியும்?"

'ம்ம்' என்றேன்.

"இன்னும் கொஞ்சம் கீழ."

இறங்கினேன்.

"கிட்டு சாரும் சேர்ந்துக்கட்டும். அவரும் இத்தனை வருஷமா கேக்குறாரே."

கிட்டு சேர்ந்துகொண்டார். மெல்லிய ஒலி கேட்காதவருக்கு மெல்லப் பாடத் தெரியாது. அந்த மனிதருக்குள் இப்படி ஒரு மத்தளம் இருந்தது யாருக்குமே தெரியாது. ரமாவுக்குத் தெரிந்திருக்கலாம், குறட்டை என்று நினைத்திருப்பாள். படிப்படியாக இறங்கினோம். தரையைத் தொட்டோம். அங்கேயே நின்றோம்.

அப்போது ரத்தினபாய் கையைத் தூக்கினாள். கொயர் மாஸ்டர் தூக்கவில்லை. அவர் கையைக் கட்டிக்கொண்டு அவளைத்தான் பார்த்தார். பதினான்கு பெண்களும் ஒரே மூச்சில் எங்கள் ரீங்காரத்தின் மேல் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டை எடுத்தார்கள். பொருந்தியது. பொருந்தும்படி முன்பே எழுதிவைத்தது என்பது எனக்கு அந்த நேரம் உறைக்கவில்லை. மேலே யூனிஸின் குரல் ஏறிக்கொண்டே போனது. நடுவில், எங்கோ, இத்தனை வருஷம் எனக்குக் கேட்காத அந்த ஆல்டோ. அது கேட்டது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அது என்ன பாடுகிறது என்று தெரியாமல் முப்பத்துநாலு வருஷம் இருந்திருக்கிறேன்.

நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். நான் ரசிப்பவன். ஆனால் நான் நிறுத்தினால் மேலே இருப்பவர்கள் அத்தனை பேரும் விழுந்துவிடுவார்கள்போல இருந்தது. எப்போது எழுந்து நின்றேன் என்று தெரியவில்லை. நின்றுகொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில்.

அவள் விரல்களை மடக்கினாள். பட்டென்று எல்லாம் நின்றது.

நின்றால் ஆபத்து. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன் நான்.

"லோ எஃப் வரைக்கும் போறீங்களே அண்ணே!" என்றார் வேதசிரோமணி, என் கையைப் பிடித்துக்கொண்டு. "இப்படி ஒரு பேஸ வீட்டுல வெச்சுக்கிட்டா ஜூன்லேர்ந்து நாங்க தவிச்சோம்?"

"நான் தொண்டை சரியில்லாம..."

"இதுவா சரியில்லாத தொண்டை? நேத்து அத்தனை மிளகாய்க்கும் அசராத தொண்டைன்னு அக்கா சொன்னாங்களே."

ரத்தினபாய் இரண்டு பாட்டு பைல்களை நீட்டினாள். கிட்டுவுடையது புதியது. அவர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "மார்கழி பஜனை இருக்கே அக்கா" என்று முனகினார்.

"பஜனை விடியக்காலை. கிறிஸ்துமஸ் கேரல் சாயங்காலம். ரமாகிட்ட கேட்டாச்சு. பரண் சுத்தம் பண்றத ஜனவரிக்குத் தள்ளி வெச்சிருக்கா."

கிட்டு உடனே பைலைத் திறந்து படிக்க ஆரம்பித்தார்.

என்னுடையது புதியதல்ல. மூலைகள் மழுங்கிய பழைய நீல அட்டை. மேலே அவள் கையெழுத்து: 'தனசிங் – பேஸ்.' மை வெளுத்துப் பழுப்பேறியிருந்தது. கீழே எழுதியிருந்த வருஷம், எங்களுக்குக் கல்யாணமான வருஷம்.

நான் அதை வாங்கிக்கொண்டேன். தாதாக்கள் பொது இடத்தில் கண்ணைத் துடைப்பதில்லை. மிளகாய் நெடி இன்னும் போகவில்லை என்று சொல்லிவைத்தேன்.

"அப்ப பிராக்டிஸ இனிமே சனிக்கிழமைக்கு மாத்திடுறோம். அடுத்த வாரம் சரியா அஞ்சு மணிக்கு சர்ச் ஹால்ல, அண்ணே" என்றார் வேதசிரோமணி கீபோர்டை மூடிக்கொண்டே.

"சர்ச் ஹாலா? கூரை?"

"கூரைக்கு என்ன?"

"மாத்தப்போறாங்கன்னு..."

"அதுவா! பதினோரு வருஷமா பேசிக்கிட்டிருக்கோம் அண்ணே."

நான் மெல்லத் திரும்பி ரத்தினபாயைப் பார்த்தேன். அவள் காபி டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நானும் பேசிக்கிட்டிருக்காங்கன்னுதான சொன்னேன்?" என்றாள். "வாக்கு வாக்குதாங்க. ஹால் உங்களுக்கே. சனிக்கிழமை நாலே முக்காலுக்கு நீங்களே அதைப் பூட்டிட்டு, சாவிய எங்கிட்ட குடுத்துட்டு, வண்டிய எடுங்க."